ஜிப்பாவைச் சமப்படுத்தின கதை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மகன் தைத்த ஜிப்பாவைத் தேய்த்து வாங்கி, சாயங்காலம் ஐந்து மணிக்குள் எங்கள் திருச்சபை மண்டபத்தில் கொண்டு சேர்க்க வேண்டும்.

இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் மனைவி எமிமா மட்டும் அப்படி நினைக்கவில்லை. காலையில் மகனோடு மண்டபத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"கொடியில ஜிப்பா காயுது. காஞ்சதும் பேச்சிமுத்துட்ட தேய்க்கக் குடுங்க. தேய்ச்சதும் நேரா மண்டபத்துக்குக் கொண்டு வாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செஞ்சிராதிய."

"வேற என்ன செய்யப் போறேன்?"

"அதுதான் எனக்கும் தெரியல. செஞ்சிராதிய."

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன் நான். ஆனால் எங்கள் வீட்டில் ஆளைச் சரியாக அளந்து வைத்திருப்பது அவள்தான்.

முதலில் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெரின். இந்த வருடம்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். அவன் பேசும் மொழியில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. "ம்."

சாப்பிட்டியாலே? ம். பரீட்சை எப்படி எழுதுன? ம். வீடு தீப்பிடிச்சிட்டு, வெளிய வா. ம்.

சின்ன வயதில் சபையில் வேத வசனப் போட்டிக்கு மேடையேறினான். முதல் வசனத்தின் முதல் வார்த்தைக்கு முன்னாலேயே பக்கவாட்டுப் படியில் இறங்கி, நேரே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டான். அதன் பிறகு மேடை என்று யாராவது சொன்னாலே கதவைச் சாத்திக்கொள்வான்.

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் ஐயரம்மா, அதாவது சபை குருவானவரின் மனைவி, வாலிபப் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு தொடங்கினார். பாளையங்கோட்டையில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது வழக்கம். வகுப்பு முடிவில் ஒரு ஃபேஷன் ஷோ. ஒரே ஒரு சட்டம். அவரவர் தைத்ததை அவரவரே போட்டுக்கொண்டு ஊர் முன்னால் நடக்க வேண்டும்.

ஜெரின் தானாகவே போய்ச் சேர்ந்தான்!

மகன் தைக்கப் போகிறான் என்பதில் எனக்கு வருத்தமா, எங்கேயோ ஒரு இடத்துக்குப் போகிறான் என்பதில் சந்தோஷமா? தூக்கம் கெட்டு யோசித்தேன். நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவன் காஜா எடுக்கப் பழகிவிட்டான்.

மச்சினன் சேரன்மகாதேவியிலிருந்து போன் போட்டான். "என்னத்தான், மருமவன் தைக்கானாமே? எங்க வீட்டுக்காரி பிளவுஸ் ரெண்டு பிரிக்க வேண்டியது கெடக்கு. பஸ்ஸுல குடுத்து விடட்டுமா?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். பிறகு வெகு நேரம் சிரிக்கவில்லை. சிரித்தது சரிதானா, அவனைத் திட்டியிருக்க வேண்டுமா என்று அதற்கும் தனியாக யோசித்தேன். என் சுபாவம் அப்படி.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது எமிமா இன்னொன்றும் சொன்னாள். "இன்னைக்கி ஒரு தடவ நடந்துட்டான்னா போதும். இல்லன்னா காலேஜுலயும் கடைசி பெஞ்சுல போயி ஒளிஞ்சிக்கிடுவான்."

ஆக, அன்று அந்த மேடையில் அவன் நடக்க வேண்டும். அதற்கு ஜிப்பா வேண்டும். ஜிப்பா என் கையில் இருந்தது.

மத்தியானம் கொடியிலிருந்து எடுத்தேன். விரித்துப் பார்த்தேன்.

மறுபடியும் கொடியில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன்.

வெள்ளை ஜிப்பா. ஒரு பக்கம் முழங்காலோடு நிற்கிறது. மறு பக்கம் வால் மாதிரி கணுக்காலையும் தாண்டித் தொங்குகிறது! வலது தோளில் தொடங்கி, குறுக்கே நெஞ்சைத் தாண்டி, அந்த வாலின் நுனி வரை ஒரு நீலப் பட்டை. அதுவாவது நேராகப் போகிறதா? வளைந்து நெளிந்து, மை கொட்டியதுபோலப் போகிறது. பட்டை நெடுக எட்டுப் பொத்தான்கள். எதற்கும் காஜா கிடையாது. எதையும் பூட்டாத பொத்தான்கள்.

கோணலான கோட்டைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். காலண்டர் சாய்ந்து தொங்கினால் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் கையில் இப்படி ஒரு துணி. ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தேன். ஒரு பக்கம் இரண்டு முழம் கூடுதல்.

பாவம், பிள்ளை தப்பாக வெட்டிவிட்டான் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். அப்படியே தைத்துவிட்டான். இதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தால் ஊரே சிரிக்கும். அவன் மறுபடியும் பக்கவாட்டுப் படியில் இறங்கிவிடுவான்.

நல்ல அப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் மகனுக்குப் போன் செய்திருப்பார். எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் "ஜிப்பா ஒரு பக்கம் நீளமா இருக்கே, தெரியுமாலே?" என்று கேட்டால் "ம்" என்பான். தெரியும் என்கிற ம்-மா, ஐயோ என்கிற ம்-மா? அதை யோசித்தே சாயங்காலம் ஆகிவிடும். போனைப் பையில் போட்டுக்கொண்டு பேச்சிமுத்துவின் தேய்ப்பு வண்டிக்குப் போனேன்.

பேச்சிமுத்து ஜிப்பாவைப் பலகையில் விரித்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். மறு பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"ஜிப்பா."

"ஒத்தக் காலுக்கா?"

வேட்டி வாங்க வந்து நின்ற ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "சமமாவே இல்லையே வே!"

"தொவைச்சதுல இழுத்திருக்குமோ?" என்றான் பேச்சிமுத்து.

"இழுத்தா வெரக்கட அளவு இழுக்கும். மொழக் கணக்கிலயா இழுக்கும்?"

பால் வாங்கிக்கொண்டு போன ஒரு அம்மாவும் நின்றுவிட்டார். "ஒங்க மவன் தைச்சதா சார்? பாவம், மொத தடவல்லா. எம்மவ தைச்ச மொத பிளவுசுல கையே நொழையாது. தலையத்தான் விடலாம்."

"இதுக்கு என்ன செய்யலாம்ங்கிய?" என்று கேட்டேன்.

"வெட்டி விட்டா சரியாப் போவும்," என்றார் கணக்கு வாத்தியார்.

"வெட்டிட்டுக் கொண்டு வாங்க அண்ணாச்சி, சூடா ஒரு தேய்ப்பு போட்டுத் தாரேன்," என்றான் பேச்சிமுத்து.

"வெட்டத்தான் செய்யணும்," என்றார் பால் அம்மா.

ஒரு விஷயத்தை இங்கே பதிவு செய்கிறேன். இது நான் மட்டும் எடுத்த முடிவு இல்லை. மூன்று பேர் கூடி ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. அந்த மூன்று பேரில் ஒருவர்கூட ஜெரினைப் பெற்ற தகப்பன் இல்லை என்று எமிமா பிற்பாடு சுட்டிக்காட்டினாள். அது வேறு விஷயம்.

மார்க்கெட் பக்கம் காதர் பாய் தையல் கடை. என் பேண்டுகளை வருடத்துக்கு ஒரு தடவை இடுப்பில் பிரித்து விடுகிற மனிதர்.

"பாய், அவசரம். இந்த நீளத்த எடுத்துட்டு, சமமா மடிச்சு அடிச்சுத் தரணும்."

"அது அஞ்சு நிமிச வேல சார். குடுங்க." துணியை மேசையில் போட்டு சாக்பீஸை எடுத்தார்.

"கோடு நான் போடுதேன் பாய்."

"நான் போட மாட்டனா சார்?"

"போடுவீரு. ஆனா இது நேரா இருக்கணும்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சாக்பீஸைக் கொடுத்தார். குட்டையான பக்கத்தின் விளிம்பிலிருந்து ஸ்கேல் வைத்து மறு பக்கம் வரை இழுத்தேன். அப்படி ஒரு கோட்டை நான் அலுவலகத்தில்கூட வரைந்ததில்லை. நடுவில் அந்த நீலப் பட்டை வந்தது. கோடு அதையும் தாண்டிப் போயிற்று. தயங்கவே இல்லை.

கத்தரி ஓடியது. வால் கீழே விழுந்தது. அதோடு இரண்டு பொத்தான்களும் போயின. எப்படியும் எதையும் பூட்டாத பொத்தான்கள்தானே!

பாய் மடித்து அடித்து, தூக்கிக் காட்டினார். "பாருங்க சார். பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி ஆயிட்டுல்லா?"

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேச்சிமுத்து தேய்த்துக் கொடுத்துவிட்டு, "இப்பத்தான் மனுசன் போடுத துணி," என்றான். ஸ்கூட்டரில் போகும்போது, மகனுக்குத் தெரியாமலே அவன் மானத்தைக் காப்பாற்றிய தகப்பன்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மண்டபம் திருவிழா மாதிரி இருந்தது. சேலையைப் பிரித்து பேண்ட் தைத்த பையன், பழைய குடைத் துணியில் பாவாடை தைத்த பெண், ஆளுக்கு ஒரு மூலையில் ஊசியும் நூலுமாக நிற்கிறார்கள். வாசலில் ஐயரம்மா.

"வாங்க வாங்க! தாமிரபரணியக் கொண்டு வந்துட்டியளா?"

குடிதண்ணீர் கேனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "தண்ணி கேன் என்கிட்ட சொல்லலையே ஐயரம்மா. ஜிப்பா மட்டும்தான் இருக்கு."

ஐயரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தன் தோளிலிருந்து கீழே விரலை ஓட்டிக் காட்டினார். "அதத்தான் கேக்கேன்! ஒங்களுக்குத் தெரியாதா? ஜெரின் சொல்லலையா? வலது தோளு பொதிகை மலை. நீலப் பட்டை ஆறு. அந்த எட்டுப் பொத்தானும் எட்டு அணைக்கட்டு. இங்கன கல்லிடைக்குறிச்சி, இங்கன நம்ம ஊரு. அந்த நீள வாலு இருக்குல்லா, அது கடைசியில புன்னக்காயல்ல கடலுக்குள்ள போகுது. நில அளவைக்காரர் மவன்லா! மேப்பையே தைச்சுப்புட்டான்!"

என் கையில் பை கனத்தது.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் வரைந்து வருகிற ஆறு. அதன் ஒவ்வொரு வளைவையும் நீல மையில் போட்டவன் நான். கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னாலும் போடுவேன். அந்த ஆறு மத்தியானம் முழுக்க என் மடியில் கிடந்திருக்கிறது. நான் அதற்கு ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"என்ன, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றார் ஐயரம்மா.

"வெயில்," என்றேன்.

அதற்குள் ஜெரின் வந்துவிட்டான். தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தான். பையை வாங்கினான். ஜிப்பாவை உதறி விரித்தான்.

பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"அப்பா. புன்னக்காயல் எங்க?"

இவ்வளவு நீளமாக அவன் என்னிடம் பேசி வெகு காலமாகிவிட்டது.

"ஒரு பக்கம் நீளமா இருந்துச்சேலே. நீ தெரியாம வெட்டிட்டியோன்னு..."

"ஸ்ரீவைகுண்டம் எங்க? மருதூர் எங்க?" குரல் ஏறியது. "சீவலப்பேரியோட நிக்குதே! சிற்றாறு வந்து சேருத எடத்துல ஆத்த வெட்டியிருக்கியளே!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஊசிகள் நின்றன.

அந்த நேரத்தில் ஒரு தகப்பன் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சீவலப்பேரியில இல்லலே. அதுக்குக் கொஞ்சம் கெழக்கதான்..."

எப்போது வந்து நின்றாளோ, எமிமா பக்கத்தில் இருந்தாள். அவள் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

"வெட்டுன துண்டு எங்க?" என்றாள்.

"காதர் பாய் கடையில."

"போயி எடுத்துட்டு வாங்க."

ஜெரின் ஜிப்பாவை நாற்காலியில் போட்டான். மூலையில் போய் உட்கார்ந்தான். "நான் நடக்கல," என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஐயரம்மா என்ன கேட்டாலும் "ம்" கூட வரவில்லை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை விரட்டி காதர் பாய் கடைக்குப் போனேன்.

"பாய், அந்தத் துண்டு!"

"எந்தத் துண்டு?"

"நீலப் பட்டை போட்டது. பொத்தான் வெச்சது. வாலு!"

"அதுவா? பக்கத்து டீக்கடையில கைப்பிடித் துணி கேட்டாங்க. குடுத்துட்டனே!"

டீக்கடைக்கு ஓடினேன். மாஸ்டர் கொதிக்கிற பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் தாமிரபரணி.

"அண்ணாச்சி, அந்தத் துணி வேணும்."

"எதுக்கு?"

"அது ஆறு."

மாஸ்டர் பாத்திரத்தைப் பைய இறக்கி வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீ குடிக்கியளா? சீனி கொறச்சுப் போடட்டுமா?"

"இல்ல அண்ணாச்சி, எம்மவன் தைச்சது. இப்ப அவன் மேடையேறணும். தெரியாம வெட்டிட்டேன்."

"நல்ல துணி சார் இது. சூடே ஏறல. இதக் குடுத்துட்டு நான் வெறுங்கையால பிடிக்கவா?"

கைக்குட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. பாய் கடைக்கு ஓடி, வெட்டுத் துண்டுகளில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கெட்டியான ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஆற்றை விட்டார்.

விரித்துப் பார்த்தேன். மருதூர் பொத்தானில் பாலாடை. ஸ்ரீவைகுண்டம் முழுக்க டீ. புன்னைக்காயல் முனை கொஞ்சம் கருகியிருந்தது.

திரும்பி வந்தபோது நிகழ்ச்சி ஆரம்பமாகியிருந்தது. குடைத் துணிப் பாவாடைப் பெண் மேடையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊரே கை தட்டியது. ஐயரம்மா எப்படியோ சமாளித்து ஜெரினுக்கு ஜிப்பாவை மாட்டிவிட்டிருந்தார். ஆனால் அவன் மூலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவன் முன்னால் போய்த் துண்டை நீட்டினேன்.

வாங்கினான். முகர்ந்தான். கறையைப் பார்த்தான். டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். "சோப்பு போட்டா போயிரும்லே," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் கறையையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று உதடு ஒரு பக்கம் வளைந்தது.

"வேண்டாம்ப்பா. இதுதான் சரி. ஊரத் தாண்டுன பொறவு ஆறு இந்த நெறத்துலதான போவுது."

ஐயரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

தைத்து ஒட்ட நேரமில்லை. ஐயரம்மா இரண்டு ஊக்கு கொடுத்தார். ஜெரின் துண்டை ஜிப்பாவின் ஓரத்தில் குத்தினான். இழுத்துப் பார்த்தான். தரையில் புரளவிட்டால் கழன்றுவிடும்.

"அப்பா, நுனிய நீங்க பிடிச்சிக்கிடுங்க."

"சரி. எது வரைக்கும்?"

"மேடை முடியுத வரைக்கும்."

"நானா! மேடையிலயா?" ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன். "ஏலே, நான் எப்படிலே? ஆபீஸுல பிரிவுபசார விழாவுலகூட நான் பேசுனதில்ல. அத்தன பேரு முன்னால எனக்குக் காலே வராதுலே."

"எனக்கு மட்டும் வருமாக்கும்?"

நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"கீழ பாக்காதிய. எதுத்த செவத்துல ஒரு எடத்தப் பாத்து, பைய வாங்க. யாரு சிரிச்சாலும் நிக்காதிய. ஐயரம்மா சொல்லிக் குடுத்தது."

ஒலிபெருக்கியில் ஒரு பெண் பிள்ளை அறிவித்தாள். "அடுத்து, ஜெரின். தலைப்பு, தாமிரபரணி!"

பாட்டு மாறியது. அவன் நடந்தான்.

நடந்தேவிட்டான்! தோள் நிமிர்ந்து, கை வீசி, எங்கள் வீட்டில் ஒரு நாளும் பார்த்திராத நடை. நான் கடலைப் பிடித்துக்கொண்டு, சர்ச் கல்யாணத்தில் பெண்ணின் முக்காட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற சின்னப் பிள்ளை மாதிரி பின்னால் போனேன். கீழே பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதையே பார்த்தேன். சொன்னதை அப்படியே கேட்டேன்.

மேடை நுனியில் ஜெரின் திரும்பினான்.

நான் திரும்பவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனேன்.

பட்டை விறைத்தது. ஊக்கு இரண்டும் தெறித்தன. ஆறு மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. முன் வரிசையில் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். என் காதுக்கு அந்தச் சத்தம் ஏனோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. பயத்தில் காது அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் பார்த்தது சிரிக்கிறவர்களை இல்லை. ஜெரினை. அவன் பார்த்தது மேடையின் பக்கவாட்டுப் படியை. இரண்டு எட்டு வைத்தால் படி. இறங்கினால் வாசல். வாசலைத் தாண்டினால் வீடு.

என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று முழுவதும் செய்ததே போதுமானதாக இருந்தது.

அவன் படியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையில் கடலோடு நிற்கிற என்னை. பிறகு நேரே அறிவிப்புப் பெண்ணிடம் போய் மைக்கை வாங்கினான்!

"இவங்க எங்கப்பா," என்றான். தொண்டையைச் செருமினான். "நில அளவை ஆபீஸுல இருக்காங்க. நான் தைச்ச ஆத்த இன்னைக்கி மத்தியானம் ஸ்கேல் வெச்சு வெட்டுனது இவங்கதான்."

சிரிப்பு.

"அந்தத் துண்டு டீக்கடைக்குப் போயிட்டு. கறைய நான் கழுவல. நம்ம ஊர் தாண்டுன பொறவு உள்ள ஆறுன்னு நெனைச்சிக்கிடுங்க."

சிரிப்பும் கைதட்டலும். முன் வரிசை நாற்காலிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டினார்.

"அப்பாவ ஹெல்மெட்டோட எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு கேப்பிய. கீழ எங்கம்மா இருக்காங்க."

அப்போதுதான் தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவன் விடவில்லை. ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டு ஒவ்வொரு அணைக்கட்டின் பெயரும் சொன்னான். கடைசி இரண்டுக்கு என் கையிலிருந்த துண்டைத் தூக்கிக் காட்டச் சொன்னான். காட்டினேன். பாட்டுப் போடுகிற பையன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கீழே எமிமா இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து மட்டும் பல்லைக் கடித்தாள். ஒரே முகத்தில் அது எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பரிசு குடைத் துணிப் பாவாடைக்குத்தான் போயிற்று. நியாயமான தீர்ப்பு. அந்தப் பெண்ணின் அப்பா அதில் கை வைக்கவில்லை.

ஆனால் நாற்காலிகளை மடித்து அடுக்குகிற வரை ஜெரின் பேசிக்கொண்டே இருந்தான். யார் யாரோ வந்து ஜிப்பாவைத் தொட்டுப் பார்த்தார்கள். சேலையில் பேண்ட் தைத்த பையனிடம், அடுத்து சிற்றாற்றை ஒரு பேண்டில் தைக்கலாம் என்று கையை ஆட்டி ஆட்டித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நான் தூணோரம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல யோசித்தேன். இந்தத் தைரியம் அவனுக்குத் தைத்ததால் வந்ததா, நடந்ததால் வந்ததா, இல்லை ஊர் பார்க்க அப்பாவைத் திட்டக் கிடைத்ததால் வந்ததா?

ஐயரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"மூணும்தான்," என்றார் சற்றும் யோசிக்காமல். "அடுத்த வருசமும் நீங்க கட்டாயம் வரணும். மத்தப் பிள்ளைகளுக்கும் ஒதவியா இருக்கும்."

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெரின் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றான். எனக்கு ஒரு சட்டை தைக்கப் போகிறானாம். என் கண் கலங்கிவிட்டது. இவன் மன்னித்துவிட்டான், இப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் தகுதியானவன்தானா என்றெல்லாம் உள்ளே ஓடியது.

"நேரா நில்லுங்கப்பா."

"நேராத்தாம்லே நிக்கேன்."

கழுத்திலிருந்து வலது தோளை அளந்தான். இடது தோளை அளந்தான். மறுபடியும் வலது தோளை அளந்தான். நெற்றியைச் சுருக்கினான். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டான்.

"எம்மா! அப்பா ஒரு பக்கம் கூடுதலா இருக்காங்க. சமமா வெட்டிருவமா?"

"ஸ்கேல் வெச்சு வெட்டு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கத்தரிக்கோல் அவன் கையில் இருந்தது. நான் அசையாமல் நின்றேன்.